பொட்டலத்தின் மேல் பெயர் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாங்காய் சீசனில் மண்டிக்காரர் கழித்துவிட்ட பெங்களூராவும் செந்தூராவும் சந்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் ஸ்குவாஷாகிவிடும் (தண்ணீர் கலந்து குடிக்கும் கெட்டிச் சாறு). அது கெடாமலிருக்கப் போடும் 'கே.எம்.எஸ்.', அதாவது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் பற்றித்தான் எழுதுகிறேன். வெளிநாடுகளில் வீட்டில் ஒயின் போடுகிறவர்களுக்கும் இதே பொடிதான்.

டவுன் கடையில் கேட்டால் டப்பாவிலிருந்து அள்ளி பிளாஸ்டிக் கவரில் முடிந்து தருகிறார்கள். பெயரும் இல்லை, தேதியும் இல்லை. போன வருஷம் அப்படி வாங்கியதைப் பிரித்தபோது வாசனையே இல்லை. நல்ல பொடி தீக்குச்சி கிழித்த நெடியோடு மூக்கில் ஏறும். ஈரம் பட்டுக் கிடந்தால் வீரியம் போய்விடும். அது அப்போது எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் ராத்திரி பரணில் ஒரு மூடி தெறித்தது. காலையில் சுவரெல்லாம் மஞ்சள், எறும்புகளுக்குக் கொண்டாட்டம்.

பயந்துபோய் அடுத்த தடவை வேறு கடைப் பொடியைக் கை மதிப்பாய்க் கூடுதலாகப் போட்டேன். குடித்த சம்பந்திக்கு இழுப்பு வந்துவிட்டது. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்குச் சல்பைட் ஒத்துக்கொள்ளாது.

இந்தப் பொடியிலிருந்து வரும் வாயுதான் கந்தக டை ஆக்சைடு; ஸ்குவாஷில் அது 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு) தாண்டக் கூடாது. லிட்டருக்கு 0.6 கிராம் பொட்டாசியம் பொடி என்றால் அதற்குள் நிற்கும். இப்போது நகைப் பட்டறைத் தராசில் 10 லிட்டருக்கு 6 கிராம் நிறுத்து வருகிறேன். "என்னக்கா, வெள்ளியா?" என்று ஆசாரி கேலி செய்கிறார். ஆனால் கவரில் இருப்பது சோடியம் மெட்டாபைசல்பைட் என்றால் அதே எடைக்குக் கந்தக வாயு கூடுதலாக வரும், என் கணக்கெல்லாம் தப்பு. நாவல் பழத்துக்கு இந்த இரண்டுமே வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்; அதற்குச் சோடியம் பென்சோயேட்தான்.

பாட்டில் கழுவ பிளீச்சிங் பவுடர் வாங்கிப் போகச் சொன்னதும் ஒரு கடைக்காரர்தான். மூன்று தடவை அலசியும் வாடை போகவில்லை. கண்ணாடி பாட்டிலைச் சோப்பில் கழுவி, பச்சைத் தண்ணீரில் அமிழ்த்திக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் போதும்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி சமயத்தில் கடைவீதியையும் ஒரு சுற்று வர வேண்டும். பொட்டலத்தின் மேல் உணவுச் சேர்க்கை எண் 224-ஆ (பொட்டாசியம்) 223-ஆ (சோடியம்), உணவுத் தரமா, எந்த மாதம் அடைத்தது என்று பேனாவாலாவது எழுதித்தரச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
சந்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்