சீசர் காயத்தை வீட்டிலும் துணி விலக்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் இப்போது பிள்ளைப்பேறு என்றால் ஆஸ்பத்திரிதான். சீசர், அதாவது வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுப்பது, தேவைப்பட்டால் மாவட்ட வைத்தியசாலைகளிலேயே செய்துவிடுகிறார்கள். போர்க்காலம் கண்ட எங்களுக்கு இது பெரிய ஆறுதல். நான் எழுதுவது, துண்டு வெட்டி, அதாவது ஆஸ்பத்திரியில் விடுவித்து, வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி.

காயத்தில் கிருமி தொற்றினால் பெரும்பாலும் அது வார்டில் தெரியாது. தாய் இரண்டு மூன்று நாளில் வீடு வந்துவிடுவார். வீக்கமும் சீழும் காய்ச்சலும் அநேகமாக நாலாம் நாளுக்குப் பிறகுதான் தலைகாட்டும். 30 நாள் வரைக்கும் கவனமாக இருக்க வேண்டும் என்கிறது மருத்துவம்.

என் பெறாமகளுக்கும் அப்படித்தான். மேல்தோல் நன்றாக ஒட்டியிருந்தது. ஆனால் பாவாடை நாடா உரசும் இடத்தில் துணி மஞ்சளாக நனைந்து, கெட்ட மணம் வந்தது. "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் மஞ்சள் பூசி வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். குளிரும் நடுக்கமும் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தோலுக்கடியில் சீழ் தேங்கியிருந்தது. காயத்தைத் திறந்து சீழை எடுத்தார்கள். அடியிலிருந்து சதை வளர்ந்து ஆற வாரக்கணக்கானது. அதுவரை தினமும் மருந்து கட்ட வேண்டும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, குண்டும் குழியுமான கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் போய்வந்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

பத்தியத்தையும் சரக்குக்கறியையும் விடச் சொல்லவில்லை. காயத்தின் மேல் மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம், இலை அவித்த வேதுத் தண்ணீரை அதில் ஊற்ற வேண்டாம், அவ்வளவுதான். சுத்தமான துணியால் ஒற்றி உலர வைத்தால் போதும். இந்த வெயிலில் வயிற்று மடிப்பில் வியர்வை நிற்கும், அதையும் பார்க்க வேண்டும். சீனி வருத்தம், இரத்தச்சோகை, உடல் பருமன் உள்ளவர்களுக்கும், நெடுநேரம் வலி கண்டு கடைசியில் சீசர் செய்தவர்களுக்கும் ஆபத்து கூட.

முதல் 10 நாளுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு தடவை வீட்டுக்கு வர வேண்டும் என்பது முறை. வந்தால் பிள்ளையைக் காட்டி, நிறை பார்த்து அனுப்பிவிடுகிறோம். தாய் வெட்கத்தில் "எனக்கு ஒன்றுமில்லை மிஸ்" என்றுவிடுவாள். தங்கச்சிமாரே, சேலையை விலக்கிக் காயத்தைக் காட்டுங்கள். சிவப்பு, சூடு, கசிவு, நாளுக்கு நாள் கூடும் நோவு, தையல் விலகல், கெட்ட மணத்தோடு தீட்டு என எது இருந்தாலும் உடனே சொல்லுங்கள். காய்ச்சல் அடித்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சை அழையுங்கள், காசு கேட்க மாட்டார்கள். பாலூட்டலாமா என்று பயந்து மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்தைத்தான் வைத்தியர் எழுதுவார்.

சுகாதாரத் திணைக்களத்திடமும் ஒரு வேண்டுகோள். துண்டு வெட்டும்போது தாயோடு நிற்கும் அம்மாவையோ மாமியாரையோ கூப்பிட்டுக் காயத்தைக் காட்டி விளக்குங்கள். என்ன கண்டால் வர வேண்டும் என்று தமிழில் ஒரு தாளும், வார்டின் தொலைபேசி இலக்கமும் கொடுங்கள். மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, அக்கராயன் என்று பக்கத்திலேயே வைத்தியசாலைகள் இருக்கும்போது, மருந்து கட்டுவதற்கு மட்டும் தூரத்துக்கு வரச் சொல்லாமல் அங்கே கட்டும்படி எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒட்டுசுட்டான்.