ஜப்பான் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு: அந்தக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது வாருங்கள்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். 2017 மார்ச் மாதம் நியூயார்க்கில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை தொடங்கியது. உங்கள் தூதர் முதல் நாளே எழுந்து, இதில் பங்கேற்பது ஜப்பானுக்குக் கடினம் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். பிறகு அந்தக் காலி இருக்கையில் யாரோ ஒரு காகிதக் கொக்கை வைத்தார்கள். 'நீங்களும் இங்கே இருந்திருக்கலாமே' என்று அதன்மேல் எழுதியிருந்தது. அந்த ஜூலையில் 122 நாடுகளின் ஆதரவோடு ஒப்பந்தம் நிறைவேறி, 2021 ஜனவரி 22 அன்று நடைமுறைக்கும் வந்துவிட்டது. 2022, 2023, 2025 என மூன்று முறை உறுப்பு நாடுகள் கூடின. பார்வையாளராகக்கூட நீங்கள் வரவில்லை.

அமெரிக்காவின் அணுக் குடை, அதாவது அதன் அணு ஆயுதங்கள் உங்களுக்குத் தரும் பாதுகாப்பு, பலவீனமாகிவிடும், நட்பு நாட்டுக்குத் தவறான செய்தி போய்விடும் என்பது உங்கள் அரசு சொல்லும் காரணம். உங்கள் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 2017 ஆகஸ்ட் 29 விடியற்காலையில் வடகொரிய ஏவுகணை ஹொக்கைடோவுக்கு மேலே பறந்தபோது, உறுதியான கட்டடத்துக்குள் போய் ஒதுங்குங்கள் என்று கைபேசிகள் அலறின. அந்தக் காலையைக் கடந்தவர்களுக்குத் தூரத்திலிருந்து புத்தி சொல்வது எளிது.

ஆனாலும் கூட்டணியில் இருந்துகொண்டே இந்த ஒப்பந்தத்தோடு உறவு வைத்துக்கொள்ள முடியும் என்பதற்குக் கண்முன்னே சாட்சி இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 1951 முதல் அமெரிக்காவோடு பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கை கொண்ட நாடு. அது ஒப்பந்தத்தில் உறுப்பினராகவே சேர்ந்துவிட்டது. ரஷ்யாவின் ராணுவக் கூட்டணியில் இருக்கும் கஜகஸ்தானும் உறுப்பினர்தான். தன் மண்ணில் அமெரிக்க அணுகுண்டுகள் இருப்பதாகப் பரவலாக அறியப்படும் ஜெர்மனி 2022இலும் 2023இலும் பார்வையாளராக வந்து உட்கார்ந்தது. 2025இல் வராமல் போனது எனக்கு வருத்தமே. ஆனால் வந்த இரண்டு முறையும் நேட்டோவில் அதன் இடம் அசையவில்லை. நியூசிலாந்து 1985இல், அணு ஆயுதம் இருக்கலாம் என்று அமெரிக்கப் போர்க்கப்பலைத் துறைமுகத்துக்குள் விட மறுத்தது. அதற்காக அமெரிக்கா தன் பாதுகாப்பு உறுதியையே நிறுத்திவைத்தது. உங்களிடம் நான் அவ்வளவு பெரிய துணிச்சலைக் கேட்கவில்லை. கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, கேட்டு, பேசச் சொல்கிறேன்.

அங்கே உங்களுக்கு வேலையும் இருக்கிறது. ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதைப் பற்றியது. தன் மண்ணில் உள்ள செமிபலாட்டின்ஸ்கில் சோவியத் யூனியன் நடத்திய 456 அணு சோதனைகளின் சுமையைத் தூக்கும் கஜகஸ்தானும், தன் தீவில் பிரிட்டனும் அமெரிக்காவும் குண்டு வெடித்துப் பார்த்த பசிபிக் நாடான கிரிபாட்டியும் இந்தப் பணியை முன்னின்று நடத்துகின்றன. கதிர்வீச்சுக்கு ஆளானவர் யார், அதை எப்படி நிரூபிப்பது, எத்தனை காலம் மருத்துவம் பார்ப்பது? இந்தக் கேள்விகளோடு உங்களைப்போல் மல்லுக்கட்டிய நாடு வேறில்லை. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபின் பெய்த கதிர்வீச்சு கலந்த கறுப்பு மழையில் நனைந்தவர்களை அரசு வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்தது. கோட்டுக்கு வெளியே இருந்தவர்கள் முதிய வயதில் நீதிமன்றம் ஏறினார்கள். 2021 ஜூலையில் ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் வழக்குத் தொடுத்த 84 பேருக்கும் சாதகமாகத் தீர்ப்பளிக்க, அரசு மேல்முறையீடு செய்யாமல் ஏற்றது. இந்த அனுபவம் முழுவதும், தவறுகள் உட்பட, பசிபிக் தீவுக்காரர்களுக்கு இன்றைக்குத் தேவைப்படுகிறது.

2024 டிசம்பரில் ஓஸ்லோவில், அணுகுண்டில் உயிர் தப்பியவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடான்கியோ சார்பில் நோபல் உரை ஆற்றிய தனாகா தெருமி, 13 வயதில் நாகசாகியில் உறவினர் ஐவரைப் பறிகொடுத்தவர். இறந்தவர்களுக்கு ஜப்பான் அரசு இழப்பீடே தரவில்லை என்று வாசித்தவர், கையிலிருந்த தாளில் இல்லாதபோதும் அதையே இன்னொரு முறை அழுத்திச் சொன்னார். உலகம் முழுதும் பார்த்துக்கொண்டிருந்த மேடையில் 92 வயதுக்காரர் தன் சொந்த அரசிடம் முறையிட வேண்டியிருந்தது. ஹிபாகுஷாக்கள் எனப்படும், அணுகுண்டில் உயிர் தப்பியவர்களின் எண்ணிக்கை 2025இல் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. சராசரி வயது 86ஐத் தாண்டிவிட்டது.

வைத்திருக்க மாட்டோம், தயாரிக்க மாட்டோம், உள்ளே விட மாட்டோம் என்ற மூன்று கொள்கைகளை 1971இல் தீர்மானமாக்கியது உங்கள் அவை. அவற்றை அறிவித்த பிரதமர் சாட்டோ எய்சாகுவே, நெருக்கடி வந்தால் ஒகினாவா தீவுக்குள் அணு ஆயுதம் கொண்டுவரலாம் என்று 1969இல் அமெரிக்க அதிபர் நிக்சனோடு ரகசியமாகக் கையெழுத்திட்டிருந்தார். அந்தத் தாள் 2009இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. உங்கள் தீர்மானத்துக்கு உங்களுக்கே தெரியாமல் நேர்ந்த அவமதிப்பு அது. இப்போது மூன்றாவது கொள்கையை மறுபரிசீலனை செய்யலாம் என்ற பேச்சு ஆளுங்கட்சிக்குள் எழுகிறது. தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள்.

இதைச் சொல்ல இந்தியருக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். பொக்ரானில் 1974இலும் 1998இலும் குண்டு வெடித்த நாடு என்னுடையது. அதுவும் இந்த ஒப்பந்தத்தைப் புறக்கணிக்கிறது. அதை எதிர்த்து எங்கள் ஊரிலும் பேசுகிறோம். பேசும்போதெல்லாம், 'குண்டடி பட்ட ஜப்பானே போகவில்லையே' என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தத்தின் முதல் மறுஆய்வு மாநாடு 2026 இறுதியில் நியூயார்க்கில் கூடுகிறது. பார்வையாளர் குழுவை அனுப்பும்படி இரு அவைகளிலும் தீர்மானம் கொண்டுவந்து அரசை வலியுறுத்துங்கள். அந்தக் குழுவில் ஹிபாகுஷா ஒருவரும், கறுப்பு மழை வழக்கை நடத்திய வழக்கறிஞர் ஒருவரும் இடம்பெறட்டும். திரும்பி வந்ததும் அவர்கள் தரும் அறிக்கையைத் திறந்த அவையில் விவாதியுங்கள்.

மரியாதையுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடிமகள்