கொலுசுக் கணக்கு எழுதும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள நம் கொலுசுப் பட்டறைக்கு வரும் வெள்ளியின் எடையைக் கூட்ட நீ எழுதிய பைதான் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். முதல் எடை 120.5, அடுத்தது 80 என்று கொடுத்தேன். மொத்தம் 120.580 என்று வந்தது. நம் தராசும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் காட்டுவதால் அப்பாவுக்குச் சந்தேகமே வராது. வர வேண்டியதோ 200.5. கிட்டத்தட்ட 80 கிராம் வெள்ளி கணக்கில் இல்லை!

நாம் அடிப்பதை வாங்கும் இன்புட் கட்டளை, எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் தரும், எண்ணாகத் தராது. இரண்டு எழுத்துத் தொடருக்கு நடுவே பிளஸ் போட்டால் பைதான் ஒட்டிவிடும். ஒன்று எழுத்து, மற்றது எண் என்றால் வகை பொருந்தவில்லை என்று டைப் எரர் வந்திருக்கும், நீயும் உடனே பிடித்திருப்பாய். இரண்டுமே எழுத்து என்பதால் சத்தமே இல்லை. எனக்கு எரரைவிட இந்த மாதிரித் தப்பான விடைதான் பயம். ஒப்பிடும்போதும் இதே கதைதான்: எழுத்தாக இருந்தால் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும், அதனால் 9 என்பது 10-ஐ விடப் பெரியது.

அதனால் வாங்கிய வரியிலேயே எண்ணாக மாற்றிவிடு. கொலுசு எத்தனை ஜோடி என்பதற்கு முழு எண்ணாக்கும் இன்ட் போதும். எடைக்கு அது ஆகாது, 80.5 கொடுத்தால் மதிப்பு சரியில்லை என்று வேல்யூ எரர் வரும். புள்ளி வைத்த எண்ணாக்கும் ஃப்ளோட் வாங்கிக்கொள்ளும், ஆனால் அதில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வரும். வெள்ளிக்கும் கூலிக்கும், நாம் காகிதத்தில் போடுவது போலவே புள்ளிக் கணக்குப் போடும் டெசிமல்தான் சரி. வந்த எழுத்தை நேராக டெசிமலிடம் கொடு, நடுவில் ஃப்ளோட் வேண்டாம். போன் நம்பரை மட்டும் எழுத்தாகவே விடு. 0427 என்று தொடங்கும் சேலம் நம்பரை இன்ட் ஆக்கினால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும்.

அப்புறம், தவறாக அடித்தால் புரோகிராம் நின்றுவிடாமல் திரும்பக் கேட்க வேண்டும். திரும்பத் திரும்ப ஓடும் வைல் லூப்புக்குள், பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் ட்ரை, எக்செப்ட் போடு. எடையைத் தவறாக அடித்தால் டெசிமல் தரும் பிழை வேல்யூ எரர் அல்ல, இன்வேலிட் ஆபரேஷன். அதைத்தான் பிடிக்க வேண்டும்.

௮௦ என்று தமிழ் எண்ணில் அடித்தால்கூடப் பைதான் 80 என்றே எடுத்துக்கொள்ளும், தெரியுமா? எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் 1,200 என்று கமா போட்டாலோ, "80 கிராம்" என்று அடித்தாலோ ஏற்காது. அப்பா இரண்டையும் செய்வார். ஒரு நாள் அவரையே அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார். எங்கெல்லாம் நிற்கிறதோ குறித்து அனுப்பு, பில் அச்சடிப்பதை அதற்கப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்