தூசுக்கும் மலைக்கும் நடுவே

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மதுரைக்கே மாற்றலாகி வந்துவிட்டாய் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்கும் நிம்மதியாக இருக்கும்.

கோள்கள் எப்படி உருவாகின என்று மகள் கேட்டதற்கு, தூசு ஒட்டி ஒட்டிப் பெரிதானது என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். பாதி சரி. இளம் நட்சத்திரத்தைச் சுற்றும் வாயு வட்டில் தூசு ஒட்டிக்கொண்டு கூழாங்கல் அளவுக்கு வந்துவிடும், தகராறு அதற்கப்புறம்தான். வாயு தன் அழுத்தத்தால் கல்லைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுவதால் கல்லுக்கு எந்நேரமும் எதிர்க்காற்று. தூசு காற்றோடு போய்விடும், மலை அதைச் சட்டை செய்யாது, ஒரு மீட்டர் கல்தான் மாட்டிக்கொள்ளும்: வேகம் இழந்து, பூமி இருக்கும் தூரத்திலிருந்துகூடச் சில நூறு ஆண்டுகளில் நட்சத்திரத்துக்குள் போய் விழுந்துவிடும். அதற்குமேல், அந்த அளவுக் கற்கள் மோதினால் ஒட்டாது, உடையும்.

2005-இல் யூடின், குட்மன் என்ற இரண்டு வானியலாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். கற்கள் ஓரிடத்தில் நெருங்கிவிட்டால் பக்கத்து வாயுவையும் இழுத்துக்கொண்டு ஓடும், எதிர்க்காற்று தணியும், வெளியிலிருந்து வரும் கற்களும் அங்கேயே சேரும், கடைசியில் அந்தக் கூட்டம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி நேராகப் பல கிலோமீட்டர் பாறையாகிவிடும். மீட்டர் கட்டத்தில் நிற்கவே வேண்டாம்! கணக்கோடு நின்றுவிடுமோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது, அரோகோத் என்ற சின்ன விண்பாறையின் படங்களைப் பார்க்கும்வரை. 2019 புத்தாண்டு அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதைக் கடந்து போனது. நெப்டியூனுக்கு அப்பால், இரண்டு பாறைகள் நசுங்காமல் கொள்ளாமல் மெதுவாக வந்து ஒட்டியிருக்கின்றன. வேகமாக மோதியிருந்தால் அப்படி இருக்காது, ஒரே கூட்டம் தன் ஈர்ப்பால் சுருங்கியிருந்தால்தான் பொருந்தும்.

இதெல்லாம் சீக்கிரமாகவும் நடக்க வேண்டும், ஏனென்றால் வட்டில் உள்ள வாயு சில பத்து லட்சம் ஆண்டுகளில் காலியாகிவிடும், வியாழன் மாதிரிக் கோள் அதற்குள் தன் பங்கை வாரிக்கொள்ள வேண்டும். பூமிக்கு அந்த அவசரம் இல்லை, அது சில கோடி ஆண்டுகள் மோதி மோதி வளர்ந்தது. எச்எல் டாவ்ரி என்ற நட்சத்திரத்துக்கு வயது சுமார் பத்து லட்சம் ஆண்டுதான், ஆனால் 2014-இல் சிலியின் அல்மா தொலைநோக்கி எடுத்த படத்தில் அதன் வட்டில் அதற்குள் இருண்ட வளையங்கள். கோள்கள் வழித்துப் போன தடம் என்பது பலருடைய கருத்து, வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சிதான்.

மகளிடம் டிசம்பர் இரவில் ரோகிணியைக் காட்டு, எச்எல் டாவ்ரி அதன் பக்கத்தில்தான், வெறும் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் உன்னை விடமாட்டாள். அப்புறம், புது வீட்டு முகவரியை எழுது, அவளுக்கு ஒரு பைனாகுலர் அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
சேகர்