நூல் வைத்து அளந்தேன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய லேஅவுட் வரைபடத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன். வீடு வாங்கும் முன்பே அனுப்பியிருக்கலாம். முப்பது வருஷம் மனைப்பிரிவு வரைந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்குத் தோன்றவில்லை. சரி, போகட்டும்.

உன் வீட்டுப் பின்சுவரிலிருந்து பேரன் பள்ளிக்கூடம் நேர்கோட்டில் 200 மீட்டர். தெருக்கள் போகிற வழியெல்லாம் நூலை வளைத்து வைத்துப் பார்த்தேன், 2 கிலோமீட்டர் வந்தது. காலையில் அரை மணி காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றாயே, பின்னே என்ன ஆகும்? உள்ளே அத்தனையும் முட்டுச்சந்து, வெளியே போக ஒரே வாய். எல்லா வீட்டு வண்டியும் அந்த ஒரு திருப்பத்தில்தானே வந்து நிற்க வேண்டும்? அங்கே யாராவது குழி தோண்டினால் அன்றைக்கு ஒருவரும் வெளியே போக முடியாது. குறுக்கே இரண்டு மூன்று வழி இருந்தால் கூட்டம் தானாகப் பிரிந்துவிடும்.

முட்டுச்சந்து கெட்டது என்று சொல்லவில்லை. வேகமாக வண்டி வராது, வாசலில் குழந்தை விளையாடலாம். நாற்சந்தியில் வண்டிகள் மோதிக்கொள்ள 32 இடம் உண்டு, முச்சந்தியில் 9தான். நாங்களும் அதனால்தான் முச்சந்தியாகவே போட்டோம். ஆனால் அமெரிக்காவில் 1929-ல் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கட்டியவர்கள் முட்டுச்சந்து வைத்தது காருக்கு மட்டும். நடப்பவர்களுக்கு வீட்டின் மறுபுறம் பூங்கா வழியாகத் தனிப் பாதை, சாலைக்கு அடியில் சுரங்க வழிகூட. பின்னால் வந்தவர்களில் பலர் முட்டுச்சந்தை மட்டும் காப்பியடித்தார்கள். பாதை இருக்க வேண்டிய இடத்தையும் மனையாக்கி விற்றார்கள். நானும் அப்படி வரைந்து கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் நடக்கிறாயா? முன்பெல்லாம் வழியில் பார்த்தவர்கள் கதையே ஃபோனில் பாதி நேரம் ஓடும். இப்போது காரைப் பற்றித்தான் பேச்சு, அதுவும் கேட்டால்தான். அம்மா விசாரிக்கச் சொன்னாள். ஒன்பது வயதில் சைக்கிளில் சுற்றி எல்லாச் சந்தும் தெரிந்து வைத்திருந்தவள் நீ. எனக்கே வழி சொல்வாய், ஆபீசில் போய்ப் பெருமையடிப்பேன். கொஞ்சம் நட, அம்மா. காரை விட்டுவிட்டு நட.

அப்புறம், அந்தப் பச்சைக் கதவு. பைக் தொல்லை என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிச் சந்தின் வாயை அடைத்தோமே. பைக் வந்தது நிஜம். ஆனால் முதல் கையெழுத்து என்னுடையது, அதற்குக் காரணம் பைக் இல்லை. அந்தச் சந்து வழியாக நீ போன வீடு எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் வாய் திறந்து சொல்லத் துணிவில்லாமல் கதவு போட்டேன். மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு வாரம் போனாய், பிறகு நின்றுவிட்டாய். நான் நிம்மதியாகத் தூங்கினேன். இன்று வரை நீ ஏன் என்று கேட்டதில்லை.

உங்கள் பின்சுவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே, கடைசி மனையை ஒட்டி, எண் போடாத ஒரு கீற்று இடம் படத்தில் தெரிகிறது. நாலடி அகலம் இருந்தால் போதும். அது யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்து எழுது. ஃபோன் செய்தாலும் சரி, பத்து மணி வரை விழித்திருப்பேன்.

அப்பா