சேவை மனப்பான்மையும் ஒரு கழிப்பறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்ததைப் பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். பண்டிகை நேரத்தில் போனஸ் கேட்பவர்களிடம் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டதாக வருத்தப்பட்டிருந்தீர்கள். அதே இதழின் 5-ஆம் பக்கத்தில், ஓடும் ஆம்புலன்ஸில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம் என்று படத்தோடு செய்தி. பிரசவம் பார்த்தவரும் சேவை மனப்பான்மை இல்லாத அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான், ஐயா. இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் திருத்தியிருந்தால் கவனித்திருப்பார்.

நான் 29 வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தால் அதற்குக் கணக்கு உண்டு. ராத்திரி வண்டியைப் போட்டால் படுக்க ஓர் அறை உண்டு. மூட்டைப்பூச்சியும் உண்டு, அது வேறு விஷயம். இதெல்லாம் யாரும் தயவு பண்ணிக் கொடுத்ததில்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவில், நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் ஏற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது என்றும் ஒரு வரி இருந்தது. சங்கத்தில் அத்தனை வருடம் கொடி பிடித்த நான், என் மகன் ஆம்புலன்ஸில் ஏறும்வரை அந்த வரியைப் படித்ததே இல்லை. லாரி கம்பெனி டிரைவருக்குத் தூக்கம் வரும், ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வராது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

மகன் டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமா முடித்து, ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனிக்கும் இ.எம்.டி.யாகச் சேர்ந்தான். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை; எழுதினால் அவனோடு இருந்தவர்களுக்கு இடமாற்றம் வரும். 12 மணி நேர ஷிப்ட். மாற்று ஆள் வராவிட்டால் இறங்க முடியாது, அப்படியே அடுத்த ஷிப்டும். கைக்கு வந்தது 15 ஆயிரத்துச் சொச்சம். வண்டியில் ரத்தம் கொட்டினால் கழுவுவதும் அவர்களே.

ஒருநாள் இரவு, விபத்தில் அடிபட்டவரை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே படுக்கை இல்லை. வண்டியின் ஸ்ட்ரெச்சரிலேயே அவரைக் கிடத்தி வைத்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் இல்லாமல் வண்டி எப்படிக் கிளம்பும்? ஒன்றே முக்கால் மணி நேரம் வாசலில் நின்றார்கள். ஸ்ட்ரெச்சர் கிடைத்து அடுத்த கேஸுக்குப் போனபோது, ஏன்டா லேட்டு என்று தெருவே சேர்ந்து இவன் சட்டையைப் பிடித்தது. காலையில் காலர் கிழிந்து வீட்டுக்கு வந்தவன் ஒன்றும் பேசவில்லை. சட்டையை வாளியில் ஊறப்போட்டுவிட்டுப் படுத்துவிட்டான். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மறுநாள் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் பத்திரிகையும்தான் 'ஆம்புலன்ஸ் தாமதம்' என்று கொட்டை எழுத்தில் எத்தனையோ முறை போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஸ்ட்ரெச்சர் எங்கே இருந்தது என்று ஒரு தடவையாவது கேட்டதுண்டா?

நாலு வருடம் இரண்டு மாதத்தில் வேலையை விட்டான். கிராஜுவிட்டிக்கு 5 வருடம் வேண்டும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதுகுவலிக்குத் தெரியவில்லை. இப்போது ஒரு லேபில் உட்கார்ந்து ரத்தம் எடுக்கிறான், 2,000 ரூபாய் கூடுதலாகவே கிடைக்கிறது. அவனோடு பயிற்சிக்குப் போன 14 பேரில் இன்னும் வண்டியில் இருப்பவர்கள் இரண்டு பேர். அந்த இடங்களுக்குப் புதுப் பையன்கள் வருகிறார்கள், நல்ல பையன்கள்தான். ஆனால் 90 கிலோ ஆளை மூன்றாவது மாடியிலிருந்து குறுகல் படிக்கட்டில் இறக்கும் வித்தையை எந்த வகுப்பில் சொல்லித் தருவது? வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஏறி இறங்கித்தான் கற்க வேண்டும். கற்றவன் போய்விடுகிறான்.

வழிவிடாதவர்களுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் தெருமுனையில் கல்யாண ஊர்வலத்துக்கும் கட்சி ஊர்வலத்துக்கும் யார் அபராதம் போட்டார்கள்? பஸ் டிரைவர்களுக்குக் கழிப்பறை கேட்டு இரண்டு வருடம் முன்பு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளியாகவில்லை. இடப்பற்றாக்குறை இருந்திருக்கும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். எங்கள் பகுதி மேம்பாலத்துக்கு அடியில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அதிலிருக்கும் இ.எம்.டி. ஒரு பெண். பக்கத்து பெட்ரோல் பங்க் பூட்டிவிட்டால் அவருக்குக் கழிப்பறை இல்லை. தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். எட்டு மணி நேர வேலையையோ நிரந்தரப் பணியையோ உங்களால் வாங்கித்தர முடியாது, தெரியும். அங்கே ஒரு கழிப்பறையும் உட்கார இரண்டு நாற்காலியும் வேண்டும். உங்கள் பத்திரிகையில் படம் வந்தால் மாநகராட்சி அசையும். நிருபரை அனுப்புங்கள், நானே இடத்தைக் காட்டுகிறேன். பகலில் வேண்டாம்; இரவு 11 மணிக்கு, பங்க் பூட்டிய பிறகு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்,
பெரம்பூர், சென்னை.
(பெயரை வெளியிட வேண்டாம்.)