வாளியை எடுத்துவிட்டு வாஷரை மாற்று

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. பெரியவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கட்டணம், விடுதி, பேருந்துப் பாஸ் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்பதால் இந்த மாதம் கையைக் கடிக்கும் என்பதும் சொல்லாமலே தெரிகிறது.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி விட்டபாடில்லை. எனக்குத் தையல் வேலை சுமாராக ஓடுகிறது, பள்ளிச் சீருடை முடிந்தால் இனி தீபாவளிக்குத்தான் கூட்டம்.

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, சமையலறைக் குழாய் சொட்டுகிறது, வீட்டுக்காரர் கண்டுகொள்ளவில்லை, பிளம்பர் வந்து பார்க்கவே ஐந்நூறு கேட்கிறார், அதனால் துணியைக் கட்டிக் கீழே வாளி வைத்திருக்கிறேன் என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் ஏறக்குறைய 20 லிட்டர். நீ காசு கொடுத்து வாங்கும் கேன் அளவு, தினமும். பகலில் அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவிவிடுகிறாய், சரி. ராத்திரி வாளி வழிந்தால்? மேல்தொட்டி சீக்கிரம் காலியாகி மோட்டாரும் கூடுதலாகத்தானே ஓடும்? 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் தெருவில் லாரி எப்போது வருமென்று தெரியாமல் அம்மா விடியுமுன்னே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் முழங்கால் அப்போது தேய ஆரம்பித்ததுதான். அதனால் எங்கே குழாய் சொட்டினாலும் என்னால் சும்மா இருக்க முடியாது.

உன்னுடையது பழைய பித்தளைக் குழாய் என்றுதான் நினைக்கிறேன், பல சுற்று திருகினால்தான் மூடும் ரகம். அப்படியென்றால் பிளம்பர் தேவையே இல்லை. உள்ளே, பிடியோடு சேர்ந்து சுழலும் தண்டின் (ஸ்பிண்டில்) நுனியில் சின்ன ரப்பர் வாஷர் ஒன்று இருக்கும். மூடும்போது அது பித்தளை வாயின்மேல் உட்கார்ந்து தண்ணீரை அடைக்கிறது. அது தேய்ந்துபோனால் சொட்டும். பிடியை மேலும் மேலும் இறுக்குவதால் ரப்பர் நசுங்கி இன்னும் கெட்டுப்போகுமே தவிர, சொட்டு நிற்காது. முதலில் இறுக்குவதை நிறுத்து. ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் குழாய்க்கு வாஷர் என்று கேள், பத்து ரூபாயே அதிகம்.

மேல்தொட்டியில் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை வடியவிடு. சிங்க் ஓட்டையில் ஒரு துணியைச் செருகிவை, சின்னத் திருகாணி விழுந்தால் போனதுதான். பிறகு பிடிக்குக் கீழே இருக்கும் நட்டை ஸ்பேனரால் கழற்ற வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. ஒரு கையால் நட்டைத் திருப்பும்போது இன்னொரு கையால் குழாயின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொள். குழாய் முழுசாகச் சுழன்றால் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எல்போ, அதாவது பைப்பின் வளைவுத் துண்டு, விரிசல் விடும். அப்புறம் டைல்ஸை உடைக்க வேண்டிவரும், வாடகை வீட்டில் அந்தப் பஞ்சாயத்து உனக்கு வேண்டாம். நட்டு வர மறுத்தால் பலம் கொடுக்காதே. உங்கள் ஊர் போர் தண்ணீருக்கு உப்பு கெட்டியாகப் பிடித்திருக்கும், வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரைமணி நேரம் விட்டுப் பார்.

நட்டு கழன்றதும் ஸ்பிண்டிலை வெளியே எடு. அதன் நுனியிலிருக்கும் பழைய வாஷரை எடுத்ததும், குழாய்க்குள் வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவு. வழவழப்பாக இருந்தால் புதிசைப் போட்டு மூடலாம். பள்ளம் விழுந்திருந்தால் எந்த வாஷரும் நிற்காது, குழாயையே மாற்றிவிடுவதுதான் மலிவு. அதற்குக் கூசாமல் ஆளைக் கூப்பிடு, அந்தச் செலவை வாடகையில் கழிக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடு. ரசீதைப் பத்திரமாக வை.

கடை மூடியிருந்தால் பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டிப் போடலாம். ஆனால் அந்த ரப்பர் மெத்தென்று இருப்பதால் சீக்கிரம் அமுங்கிவிடும், அவசரத்துக்கு மட்டும்தான்.

கால் சுற்றில் மூடும் புது மாதிரிக் குழாயாக இருந்தால் மேலே சொன்னதை விட்டுவிடு. அதில் வாஷருக்குப் பதில் பீங்கான் தகடுகள் இருக்கும், உள்பாகத்தையே மாற்ற வேண்டும். கழற்றியதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போ, பிடி மாட்டும் நுனியிலிருக்கும் பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சொட்டு வாயிலிருந்து வராமல் பிடிக்கடியிலிருந்து கசிகிறதென்றால் வேறு வைத்தியம், அதையும் பார்த்து எழுது.

ஸ்பேனர் இல்லையென்றால் வாங்காதே, பக்கத்துத் தெருச் சைக்கிள் கடையில் கேட்டால் தருவார்கள். பெரியவளையும் கூட வைத்துக்கொண்டு செய், விடுதியில் அவளுக்கு உதவும். அவளுக்கு இரண்டு சுடிதார் தைத்து வைக்கிறேன், அளவை அடுத்த கடிதத்தில் மறக்காமல் அனுப்பு. துணிக்காக நீ கவலைப்பட வேண்டாம், அது என் பொறுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி